முறுக்கு ஃபிரையரும் அகலக் கால் பிளக்கும்

பாடாங் செராய்,
சனிக்கிழமை

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர எங்கள் இருவருக்கும் குறையில்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை குணாளனும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. நேற்று போனில், "கடை மூடுறவங்ககிட்ட கரண்ட்ல பொரிக்கிற பெரிய ஃபிரையர் வாங்கிட்டேன்மா, பிளக்குல ஒரு கால் மட்டும் அகலமா இருக்கு, வீட்டு சாக்கெட்ல ஏறல, அரத்துல தேச்சிடவா?" என்று கேட்டாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை, "ரெண்டு இழுப்பு இழுத்தா போதும்லா அத்தை" என்று சிரித்தார். போனில் பேசினால் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து இப்போதே வாட்சப்பில் அனுப்பிவிடுவார்.

தீபாவளி முறுக்குக்கு அத்தனை பேர் உன்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள், உன் அவசரம் புரிகிறது. ஆனால் எனக்கு சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் நடந்த உன் சாந்தினி அத்தை கல்யாணம்தான் நினைவுக்கு வருகிறது. நீ அப்போது பிறக்கவில்லை. பந்தலில் மாவிலை வாசம், வரிசை வீடுகளான லயன் முழுக்க விருந்தாளிகள். உன் முனியாண்டி சித்தப்பா சுங்கைப் பட்டாணி ஜைனல் பாய் கடையிலிருந்து தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய பாய்லரை இரவல் வாங்கி வந்தார். அதன் உருண்டைக் கால் பிளக் லயன் வீட்டுச் சுவர் சாக்கெட்டில் ஏறவில்லை. வெட்டிப் போட்டுவிட்டு வீட்டு பிளக்கை மாட்டினார். ஃபியூஸ் போனது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை அதில் சுற்றி, "இப்ப எப்படிப் போவும்னு பாக்குறேன்" என்றார். காப்பி கமகமவென்று வந்தது, ஆளாளுக்கு அவரைப் புகழ்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "தாலி கட்டவே இல்ல, அதுக்குள்ள என்னய்யா சாம்பிராணி?" என்றார். சுவரில் பிளக் மெழுகாய் உருகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தோம், பலகைச் சுவர் கருகியதோடு தப்பித்தோம். பிறகு ரப்பர் விறகில் காப்பி போட்டோம், அந்தப் புகை மணம் இன்றும் என் நாக்கில் இருக்கிறது. பாய்லரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜைனல் பாய், "அடே முனியாண்டி, நான் கடைக்குத் தனி வயர் இழுத்திருக்கேன், நீ கொடிக்கயிறுல யானையக் கட்டுனியா?" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சித்தப்பா. இன்று அவரும் இல்லை, அந்த லயனும் இல்லை.

ஒரு வாளி ரப்பர் பாலை மரத்தில் கட்டும் சின்னக் குவளையில் ஊற்றினால் என்ன ஆகும்? உன் பிளக்கும் அப்படித்தான். பதினைந்து ஆம்பியர் இழுக்கும் சாமானைப் பத்து ஆம்பியர் சாக்கெட்டில் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதென்றுதான் அந்தக் காலை அகலமாக வைத்திருக்கிறார்கள். அதைத் தேய்த்தால் பிளக் உள்ளே போகும், சுவருக்குள் இருக்கும் வயர் தாங்காது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் போட்டுக்கொள். அதுவரை கேஸ் அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரி. ஆர்டர் குறைந்தால் குறையட்டும், கண்ணு. எங்களுக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். இப்போது ஒன்று செய்: ஃபிரையரின் பின்னால் இருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று பார்த்து, அதை 230 வோல்ட்டால் வகு, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரியும். பத்துக்கு மேல் வந்தால் உனக்கே புரியும், எது வந்தாலும் அரத்தைத் தொடாதே.

அன்புடன்,
அம்மா
பிரேமாவதி