வால்வா, டிரான்சிஸ்டரா: ஹௌகிலாம்பியில் ஒரு கோடை

மே 19, ஞாயிறு

நேற்று ஹௌகிலாம்பி ஏரிக்கரையில், கூரை போட்ட பலகை மேடையில், இந்தக் கோடையின் முதல் ஜோடி நடனம், எங்கள் குழுவின் வாசிப்பு. முதுகு பிடித்துக்கொண்டது. எனக்கில்லை, ரிஸ்டோவுக்கு. என் வால்வு ஆம்ப்பை வேனிலிருந்து இறக்கும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இது ஆம்ப் இல்ல ரைலா, சவப்பெட்டி. உள்ள யாரு படுத்திருக்கா?" டிரம் வாசிப்பது அவனுக்குப் பாதி வேலை, குறை சொல்வது மீதி.

வெய்க்கோ சிரிக்கவில்லை. அக்கார்டியன் அவர், பாட்டு அவர், குழுவும் அவருடையது. "ஜூஹான்னுஸ் திருநாள் வரைக்கும் டைம் தர்றேன். ஒண்ணு அது போகணும், இல்ல நீயே தூக்கிட்டு வரணும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்பை என் மடியில் வைத்தார். எங்கள் வீட்டுப் பூனை அதைவிடக் கனம். ஸ்பீக்கர் பெட்டி எப்படியும் தனி, அதற்குச் சக்கரம் உண்டு. இரண்டில் எந்த ஆம்ப்பையும் அதே பெட்டியில் சொருகிக்கொள்ளலாம். ஆக, கேள்வி ஆம்ப்பைப் பற்றி மட்டும்தான்.

மடியில் ஒரு பூனையை வைத்துவிட்டால் பத்தொன்பது வருஷத்தை விட்டுவிடுவேனா? இவர்களுக்கு எப்படிச் சொல்வது. சுவிட்சைப் போட்டதும் வால்வு ஆம்ப் பேசாது, அரை நிமிஷம் சூடாகவேண்டும். உள்ளே ஆறு கண்ணாடிக் குழாய்கள் மெதுவாகச் சிவந்து வரும். அப்புறம் என் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு விரலால் தொடுவேன். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வயிற்றிலிருந்து என்றுதான் தோன்றும். ஐம்பது வயதில், வாரம் தவறாமல், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

மே 22, புதன்

நான் ஓட்டும் நூலக பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பூனையை (வெய்க்கோவின் சின்ன ஆம்ப்புக்கு இனி அதுதான் பெயர்) வாசித்துப் பார்த்தேன். ஹெட்போனைச் சொருகினால் போதும், ஸ்பீக்கரே வேண்டாம். சௌகரியம்தான். சௌகரியம், அவ்வளவுதான். நான் என்ன வாசிக்கிறேனோ அதை அப்படியே திருப்பிச் சொல்கிறது. பொறுக்கவில்லை.

மே 27, திங்கள்

தினமும் ஒரு மணி நேரம் பூனையோடு. குறை கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடித்தது எல்லாம் என் குறைகள்.

ஜூன் 2, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

நேற்று மத்தியானம் மேடைக்கு முதலில் போனவள் நான். வால்வு ஆம்ப்பைப் போட்டேன், சூடாக விட்டேன், கம்பியைத் தட்டினேன். சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன். கிட்டார் வயரை மாற்றிப் பார்த்து, முழுசாகத் திருப்பி, ஓங்கி அடித்தேன். உள்ளே சடசடவென்று ஏதோ பொரிந்தது. அப்புறம் அந்த நாற்றம்.

ஸ்பீக்கர் வயரைச் சொருகவே இல்லை.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவன் மறக்கவே கூடாத ஒரே விஷயம் இது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் மின்சாரம் போக இடமில்லாமல் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும். பூனைக்கு அந்தக் கவலை கிடையாது, நாள் முழுக்கச் சும்மா ஓடும். இரண்டு வாரம் அதோடு உட்கார்ந்து கை அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் செய்யாததை - நானேதான் - என் கையாலேயே - சீ.

ரிஸ்டோ வந்து மோந்து பார்த்தான். ஜோக் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அழவைத்தது.

பூனையோடுதான் வாசித்தோம். காது கொடுத்துக் கேட்கப் பிடிக்கவில்லை. எல்லாம் வெட்டு வெட்டாக, எலும்பாக இருந்தது. காபி இடைவேளையில் ஓரமாக நின்று மாக்கரா சாசேஜ் தின்றுகொண்டிருந்தபோது ஒரு தம்பதி வந்தார்கள். தெரிந்த முகங்கள்தான், எல்லாச் சனிக்கிழமையும் வருவார்கள். அந்தம்மாவுக்குப் பச்சை ஷூ. ஒருநாளும் என் வணக்கத்துக்குப் பதில் சொன்னதில்லை, மூன்று வருஷமாகத் திமிர் பிடித்தவள் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

காது கேட்காதாம். பிறந்ததிலிருந்தே.

பெயர் ஹெல்லெவி. கணவர் அர்மாஸ் அவள் சைகைப் பேச்சைப் பார்த்து எனக்குச் சொன்னார். அவர் கைகள் நடுங்கின. "பார்க்கின்சன்ஸ். என் கைக்குத் திக்குவாய் வந்துருச்சு. அதான் இவளுக்குப் பதில் சொல்ல லேட்டாகும், பொறுத்துக்கங்க" என்றார். நான் முந்திக்கொண்டேன்: இன்றைக்குச் சத்தம் மோசம், மன்னித்துக்கொள்ளுங்கள், என் ஆம்ப் எரிந்துபோச்சு. அர்மாஸ் தயங்கித் தயங்கி அதைக் கையால் சொன்னார். ஹெல்லெவி சிரித்தாள். அவள் விரல்கள் வேகமாக ஓடின.

"அவ சொல்றா, மத்த நாள்ல இந்தத் தரை ஓயாம முனகிக்கிட்டே இருக்கும். இன்னைக்குத்தான் தட்டுச்சு. ஒவ்வொரு தட்டையும் எண்ணினாளாம். நடுவுல தரை சும்மா இருந்துச்சாம்."

எனக்குப் புரியவில்லை என்று முகமே காட்டியிருக்கும். அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேடைப் பலகையில் அழுத்தி, பக்கத்தில் தன் விரலால் தட்டினாள். டும். நிறுத்தினாள். டும். என் முகத்தையே பார்த்தாள்.

நான் வாசிப்பது அவளுக்கு வருகிறது. ரிஸ்டோவின் டிரம் கம்பளத்தின் மேல், வாசிப்பதும் குச்சியால் இல்லை, பிரஷ்ஷால். வெய்க்கோவின் அக்கார்டியன் காற்றோடு போகும். பலகைக்குள் இறங்குவது நான் மட்டும். மூன்று வருஷமாக ஒருத்தி என்மேல் நின்று ஆடியிருக்கிறாள், எனக்குத் தெரியாது!

ஜூன் 5, புதன்

பரிசோதனை. வெய்க்கோவை மேடைக்கு வரவழைத்தேன். ஆம்ப் பழுதுபார்க்கும் இல்போவிடம் ஒரு பழைய வால்வு ஆம்ப்பை இரவல் வாங்கிவந்தோம் (என்னுடையது அவன் மேஜையில் பிரிந்து கிடக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை). ஷூவைக் கழற்றி, காதில் பஞ்சு வைத்து, அதற்குமேல் மரம்வெட்டிகளின் காதுமூடியும் போட்டுக்கொண்டு நடுத்தரையில் நின்றேன். வெய்க்கோ என் கிட்டாரைத் தடவினார். மண்வெட்டி பிடிப்பது போலப் பிடிக்கிறார் மனுஷர்.

முதலில் வால்வு. தரை முழுக்கப் பரவி வந்தது, பாதத்துக்கு இதமாக. ஆனால் ஒரு நோட்டு முடியுமுன் அடுத்தது அதோடு கலந்துவிட்டது. எங்கே கால் வைப்பது? தெரியவில்லை. நான் இத்தனை நாள் உருகிய அந்த இழுவை, அந்த மெத்துமெத்து - அதேதான் தாளத்தைக் கரைத்தது.

அப்புறம் பூனை. குதிகாலில் ஒரு தட்டு. நின்றது. மறுபடி ஒரு தட்டு. அந்த நின்றதை உணர்ந்தேன். சத்தமில்லாத இடத்துக்கு இவ்வளவு தெளிவான விளிம்பு உண்டென்று காது இருக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

காதுமூடியைக் கழற்றினேன். வெய்க்கோ "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சொன்னதுதான் சரி என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்றும் பூனை. நான் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெல்லெவி கண்ணை மூடிக்கொண்டு டாங்கோ ஆடினாள். அர்மாஸின் வலது கை அவள் முதுகில். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இடைவேளையில் அர்மாஸ் தனியாக வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "முப்பத்தொரு வருஷமா நான்தான் அவளுக்குக் காது. பாட்டைக் கேட்டு விரலால முதுகுல தாளம் போடுவேன், அவ ஆடுவா. இப்ப இந்தக் கை அதுபாட்டுக்குத் தாளம் போடுது. அவளுக்கு ரெண்டு ரெண்டா வருது, தடுக்கி விழறா. இந்த மே மாசத்தோட நிறுத்திடலாம்னுதான் பேசி வெச்சிருந்தோம். போன வாரம் கடைசியா ஒருதடவைன்னு வந்தோம்."

போன வாரம்தான் என் ஆம்ப் எரிந்த வாரம்.

கடவுளைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது, ஆனால் ஒரு வயரைச் சொருக மறந்ததைப் பற்றி இனி என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

இல்போ போன் செய்தான். குவோபியோவில் இருக்கும் அவன் பட்டறைக்கு ஓடினேன். புது டிரான்ஸ்ஃபார்மர், புது வால்வுகள். "போட்டுப் பாரு. ஸ்பீக்கரைச் சொருகிட்டேன், பயப்படாத" என்றான். தெரிந்தவன் எல்லாம் இனி ஆயுசுக்கும் இதைச் சொல்வான்.

அரை நிமிஷம். சிவப்பு. ஒரு நோட்டு.

அழுதுவிட்டேன். இல்போ நாகரிகமாக ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனான். எப்படி இவ்வளவு பெரிதாக இருக்க முடியும் ஒரு சத்தம்? கண்ணாடிக்குள் கொஞ்சம் சூடு, வேறொன்றுமில்லை. முன்பைவிட நன்றாக இருக்கிறது. பாழாய்ப்போன, முன்பைவிட நன்றாக இருக்கிறது.

ஜூன் 22, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

நேற்று ஜூஹான்னுஸ், நடுக்கோடைத் திருநாள் நடனம். கோடையின் பெரிய கூட்டம். நான் வால்வு ஆம்ப்பை எடுத்துப்போனேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று. மழை பெய்கிறது, ஹெல்லெவியும் அர்மாஸும் வரமாட்டார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே தூக்கினேன். ரிஸ்டோ கதவைத் திறந்து பிடித்தான், "பாடியை எங்க வெக்கணும்?" என்றான்.

முதல் நோட்டில் வெய்க்கோ திரும்பிப் பார்த்தார். எடை எடை என்று புலம்பியவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கூட்டம் முழுக்க ஒரே அலை. நான் எப்போதாவது நன்றாக வாசித்தேன் என்றால் அது நேற்றுதான்.

அவர்கள் வந்திருந்தார்கள்.

இங்கே ஒருவரை ஆட அழைத்தால் இரண்டு பாட்டு ஆடியாகவேண்டும். ஒரு பாட்டோடு யாரும் இறங்கமாட்டார்கள். துணையின் முகத்தில் அறைவதற்குச் சமம், ஊரே பார்க்கும். முதல் பாட்டு முடிந்ததும் ஹெல்லெவியும் அர்மாஸும் நடுத்தரையில் நின்றார்கள். அவள் முடியாதென்று தலையசைத்தாள். அவர் அவளைச் சுவரோரப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் மழைக்கோட்டை எடுத்தார், கை நடுக்கத்தில் பொத்தான் போட முடியவில்லை, அவள் போட்டுவிட்டாள். நான் அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான சத்தம்.

ஜூன் 23, ஞாயிறு

வெய்க்கோ போனில்: "முந்தாநாள் மாதிரி ஒரு நாளும் வாசிச்சதில்ல நீ. சரி, அந்தச் சனியன் இருக்கட்டும். நானும் ரிஸ்டோவும் தூக்கறோம்."

இத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. வேண்டாம், பூனையோடே வருகிறேன் என்றேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஹெல்லெவியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும். "ஒருத்திக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. "அந்தத் தடிச்ச சத்தம் இல்லேன்னா அக்கார்டியன் அம்மணமா நிக்கும் ரைலா." நின்றால் நிற்கட்டும், நானும் அப்படித்தானே நிற்கிறேன் என்றேன். பூனையிடம் ஒளிந்துகொள்ள இடமில்லை, என் ஒவ்வொரு தப்பும் தரைக்குப் போகும்.

ஜூன் 25, செவ்வாய்

நூலக பஸ் அவர்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நிறுத்தத்தில் இறங்கி வீட்டைத் தேடிப்போனேன். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "சனிக்கிழமை தரை தட்டும். வாங்க. நான் ஆசையில தப்புப் பண்ணிட்டேன்." ஹெல்லெவி படித்தாள். அடியில் எழுதினாள்: "உங்க ஆசை என்னன்னு எனக்குத் தெரியும். என் பாதத்துக்கும் அது பிடிச்சுது. ஆட மட்டும் முடியல." காபி கொடுத்தாள். ஸ்ட்ராபெரி கேக். வரேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை.

ஜூலை 6, சனி

வரவில்லை. போன வாரமும் வரவில்லை. அர்மாஸ் மருத்துவமனையில் என்று டிக்கெட் கொடுக்கும் பெண் சொன்னாள், மருந்தை மாற்றுகிறார்களாம். பூனையோடு வாசித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

வரவில்லை. வால்வு ஆம்ப்பை இல்போவிடம் கொடுத்துவிட்டேன், யம்சாவிலிருந்து ஒரு பெண் எடுத்துப்போகிறாளாம். பனிக்காலத்தில் பதிவுக்கூடத்தில் வாசிப்பவள். அங்கே அது இருக்கட்டும். கேட்க ஆள் இருக்கிற இடம்.

ஆகஸ்ட் 17, சனி

யாருக்காக இப்படி வெட்டி வெட்டி வாசிக்கிறேன்? பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நோட்டையும் இடது கையால் அணைத்து நிறுத்துகிறேன். ரிஸ்டோ, "நீ இப்பல்லாம் வாசிக்கிறதவிட நிறுத்துறதுலதான் கெட்டிக்காரி" என்றான். இந்த ஊரில் இதற்குமேல் யாரும் யாரையும் பாராட்டமாட்டார்கள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்று கடைசி நடனம். வெயில் ஏரிமேல் சாய்ந்திருந்தபோது பெண்கள் ஆண்களை ஆட அழைக்கும் முறை வந்தது. அதை அறிவிக்கும் சுவர்ப்பலகையில் விளக்கு எரிந்தது. பெண்கள் எல்லாரும் தரையைக் கடந்து ஆண்கள் பக்கம் போனார்கள். அந்தக் கூட்டத்தில் பச்சை ஷூ.

அர்மாஸ் கோலோடு உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். ஹெல்லெவி அவர் முன்னால் போய் நின்று குனிந்து கைநீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் எழுந்தார்.

வெய்க்கோவிடம் டாங்கோ என்றேன், மெதுவாக. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஆரம்பித்தார்.

இந்தத் தடவை அவள்தான் நடத்தினாள். அவள் கை அவர் முதுகில். விரல் தட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சம் தள்ளியிருந்த எனக்கே தெரிந்தது. என் நோட்டு, உடனே அவள் விரல். என் நோட்டு, அவள் விரல். தரையிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கை நடுங்கத்தான் செய்தது. கால் அவள் சொன்ன இடத்தில் விழுந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் எனக்குக் கண் மறைத்து ஒரு நோட்டு விட்டுப்போனது. யாரும் கவனிக்கவில்லை, நூறு ஜோடியும் ஆடிக்கொண்டே போனார்கள். ஹெல்லெவியின் கால் மட்டும் தூக்கியபடியே நின்றது, அர்மாஸும் அவளோடு நின்றார்.

அடுத்த நோட்டைக் கொடுத்தேன். காலை வைத்தாள்.