அம்மா பிரிக்காத மாத்திரை அட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சுகம், கடை சுகம், உன் தம்பிகூடச் சுகம். அம்மாவை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கப் பேனா தயங்குகிறது. பதறாதே, படுக்கையில் இல்லை, இந்த நேரத்துக்கு யாருடைய சட்டைக்காவது பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். பயப்படுகிற வேலையை நான் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே, ஸ்பீக்கர்ல போடுங்க, அப்படியென்ன ரகசியம்னு சமையலறையிலிருந்து குரல் வரும். டைப் அடித்து அனுப்பலாம் என்றால் என் விரலுக்கு ஒரு தட்டில் மூன்று எழுத்து விழுகிறது. அதனால் கடையில், ரிப்பேருக்கு வந்து உயிர் போன ஃப்ரிட்ஜ் ஒன்றின் தலைமேல் தாளை வைத்து எழுதுகிறேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பார். அவர் படித்துவிடுவாரோ என்ற கவலை இல்லை, என் கையெழுத்தே பூட்டுத்தான்.

அம்மாவின் ஈரலில் இருப்பது வெறும் நீர்க்கட்டி இல்லை, உள்ளே புழு குடியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னதிலிருந்து வீட்டில் நான் நடந்துகொள்வதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். கட்டியில் அடிபட்டு உடைந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னாரே, அன்றைக்கே காப்பர் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ரப்பர் உறையைக் கொண்டுவந்து மேஜை, கட்டில், அலமாரி எல்லா முனைக்கும் மாட்டிவிட்டேன். என்னையும் ஒரு ஃப்ரிட்ஜ்னு நெனச்சுட்டீங்களா, பின்னாடி ஒரு கம்பிவலையும் மாட்டிவிடுங்களேன்னு அம்மா கேட்டாள். அத்தை பார்க்க வந்தவள், புழுன்னா நெளியுமே, உனக்குக் கூசலையா அண்ணின்னு கேட்டுவிட்டு, இவ்வளவு வருஷம் எங்க அண்ணனையே தாங்கினவளுக்கு ஒரு புழு எம்மாத்திரம் என்று அவளே முடித்துவைத்தாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்தபிறகு நான் பின்கட்டுக்குப் போய், மிச்சமிருந்த ரப்பர் உறையைத் துவைக்கிற கல்லின் முனைக்கும் சுற்றிவிட்டு வந்தேன்.

இதே புழுவை ஆராய்கிற உன் வேலையைப் பற்றி நீ ஒருமுறை விளக்கினாய் அல்லவா, அதை என் மண்டைக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறேன். புழு நம் உடம்புக்குள் குட்டிக்குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகளை விடுகிறது, அவை நம் காவல் செல்களுக்குள் புகுந்து சில வேலைகளை அடக்கிவைக்கின்றன, அதனால் காவலுக்கு வேகம் வருவதில்லை. அதாவது, வெளியிலிருந்து எவனோ வந்து தெர்மோஸ்டாட்டைத் திருகிவிட்டான், உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, கம்ப்ரஸரோ எல்லாம் குளுமையாக இருக்கிறதென்று நினைத்துத் தூங்குகிறது. கிட்டத்தட்ட சரிப்பா என்றாய் நீ. அந்தக் கிட்டத்தட்டவை விட்டுவிட்டு, சரி என்பதை மட்டும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அதே துண்டுகளை ரத்தத்தில் தேடிப் பிடித்தால், கட்டிக்குள் இருக்கும் புழு உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று ஒருநாள் சொல்ல முடியலாம், இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, இதை நம்பி வைத்தியம் செய்யக் கூடாது என்றும் சொன்னாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ஒரு பாதிதான் காதில் ஏறியது.

உங்கள் ஆராய்ச்சிக்கு ரத்தம் சேகரிக்கிற ஆஸ்பத்திரிகளில் நம் ஊர் ஆஸ்பத்திரியும் ஒன்று என்று தெரிந்ததும், அம்மா கையெழுத்துப் போட்டுக் கையை நீட்டிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு நடந்த என் வீரச் செயல் உனக்கே தெரியும். ரத்தத்தைச் சுழற்றுகிற மெஷின் அன்றைக்குப் பழுது, உடனே அடுத்த கட்டிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றுதான் ரத்தம் எடுத்த நர்ஸ் டியூபை என் கையில் தந்தாள். வெயிலைப் பார்த்தேன், டியூபைப் பார்த்தேன், குளிர்ச்சி விஷயத்தில் எனக்கு யார் பாடம் எடுப்பது என்று நேரே கடைக்கு வந்து டீப் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கல்லு மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே தெளியும் மஞ்சள் நீரைப் பிரித்தெடுத்த பிறகல்லவா உறைய வைக்க வேண்டும்! சிவப்பணு எல்லாம் வெடித்து, அதற்குள்ளிருந்த நம் உடம்பின் ஆர்.என்.ஏ. துண்டுகளும் கொட்டி ஒன்றாகக் கலந்து, அந்தக் கூட்டத்தில் புழுவின் துண்டைத் தேடிப் பயனில்லை என்றாய். ஃப்ரீசரில் பாட்டிலை வைக்காதீங்கம்மா, வெடிச்சுடும் என்று வீடு வீடாகச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவன், கட்டின பெண்டாட்டியின் ரத்தத்தையே வெடிக்க வைத்துவிட்டேன்.

இனிதான் விஷயம். அன்றைக்கு நீ கோபப்படவில்லை. பரவாயில்லைம்மா, அடுத்த மாசம் மறுபடி எடுக்கலாம், மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுக்கற ரத்தம்தான் எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்று போகிறபோக்கில் சொன்னாய். ஆறுதலுக்குச் சொன்னது, எனக்குப் புரிகிறது. அந்த வாரமே பெரிய டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்து, அதுவரை தினமும் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார். கட்டியை எடுக்கும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் அதிலிருந்து வேறு இடத்தில் புதுக் கட்டி முளைக்கலாம், அந்த அபாயத்தைக் குறைக்கத்தான் மாத்திரை, ஒருவேளைகூடத் தவறக் கூடாது என்று என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். நானும் தினமும் கடையிலிருந்து போன் போட்டு, போட்டாச்சா என்று கேட்பேன், ஆச்சு ஆச்சு, போனை வைங்க என்பாள். நேற்று தையல் மெஷின் ஊசித் திருகைக் கழற்ற என் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போயிருந்தாளே என்று அவள் நூல்கண்டுப் பெட்டியைத் திறந்தேன். அடியில் மாத்திரை அட்டைகள், கொடுத்தபடியே, ஒன்றுகூடப் பிரிக்காமல்.

தைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் பெட்டியோடு போய் நின்றேன். இது என்ன என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். மாத்திரை போட்டு அந்தப் புழு செத்துடுச்சுன்னா அவ எதைத் தேடுவா, ரத்தம் கொடுத்துட்டு அன்னிக்கே முழுங்கிடறேன், அதுவரைக்கும் பேசாம இருங்க என்றாள். ஆபரேஷன் நாள் பக்கத்தில் வருகிறது, உனக்குப் பைத்தியமா என்று கத்தினேன். அப்போதுதான் மெஷினை நிறுத்தினாள். அவ படிச்ச படிப்புல நாம சொல்லிக்கொடுத்தது ஒரு வரிகூட இல்ல, அவ வேலைக்குன்னு இந்த வீட்டுலேர்ந்து எதுவும் போனதில்ல, முதல் தடவையா ஒண்ணு கேட்டா, அதையும் நீங்க ஐஸ்கட்டியாக்கிட்டீங்க என்றாள். டாக்டரிடம் சொல்வேன் என்றேன், அவருக்கு என் பொண்ணைவிடத் தெரியுமா என்கிறாள். உன்னிடம் சொல்வேன் என்றேன், சொன்னால் மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிடுவதாக மிரட்டுகிறாள். செய்யக்கூடியவள்தான்.

ஆகவே கண்ணு, இது கிடைத்தவுடன் நீயாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடுகிறேன். ஆராய்ச்சிக்கு வேண்டிய ரத்தம் எல்லாம் சேர்ந்துவிட்டது, உன் ரத்தம் இனி வேண்டாம், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்றைக்கே மாத்திரையை ஆரம்பி என்று சொல்லிவிடு. அது உண்மையில்லாமல் இருக்கலாம், உன் வேலையில் உண்மையில்லாததைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். இது உன் வேலை இல்லை, உன் அம்மா. பக்குவமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதே, இடுக்கு கிடைத்தால் புகுந்துவிடுவாள். வேண்டாம் என்று சொன்னதும் அவள் முகம் விழுந்துவிடும், அதை நினைத்தால்தான் எனக்கும் சங்கடமாக இருக்கிறது. பக்கத்தில் நான் இருப்பேன், வழக்கம்போல் என்னைத் திட்டித் தேறிக்கொள்வாள். எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரையாம், இன்றைக்கு வெங்காயம் நிறையப் போட்டு முட்டை பொரித்து வைக்கப்போகிறேன்.

எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி லேபில் தனியாக இருக்காதே, கையுறை போடாமல் எதையும் தொடாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததாக மூச்சு விடாதே. முக்கியமாக, கூப்பிட்டதும் என்னிடம் நலம் விசாரித்து நேரம் கடத்தாமல் முதல் வார்த்தையிலேயே அம்மாவைக் கேள். அட்டையை நூல்கண்டுப் பெட்டியிலிருந்து எடுத்து, தண்ணீர் டம்ளரோடு மேஜைமேல் தயாராக வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
போன் மணிக்குக் காத்திருக்கும்,
இனி எதையும் கேட்காமல் உறைய வைக்காத
உன் அப்பா