பின்னால் ஓடிய முள்

ஆவணி, ஞாயிறு ராத்திரி.

கோபம் இன்னும் அடங்கல. என் பழைய கரண்ட் கடிகாரம் தானா கிளம்பாது. கரண்ட் போய் வந்தா பின்னாடி குமிழைச் சுத்தி விடணும். எந்தப் பக்கம் சுத்துறோமோ அந்தப் பக்கம்தான் ஓடும்.

இன்னிக்கு அண்ணன் மகள் கலாவைப் பெண் பார்க்க சாலவாக்கத்துலருந்து வந்தாங்க. நடுவுல கரண்ட் போய் வந்துச்சு. யாரோ குமிழை மாத்திச் சுத்த, செகண்டு முள் பின்னால ஓடுச்சு. சகுனம் சரியில்லன்னு கேசரியைக்கூடத் தொடாம எழுந்துட்டாங்க.

"உன் பீத்த கடியாரத்தால எம்பொண்ணு வாழ்க்க போச்சுடா!"ன்னு அண்ணன் அதைத் தூக்கி வாசல்ல அடிச்சாரு. அதுக்குச் செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

உடைஞ்சதைப் பொறுக்கும்போது கலா பக்கத்துல வந்து குந்தினா. "நான்தான் மாத்தி சுத்தினேன் சித்தப்பா. இந்த மாப்ள வேணான்னு அப்பா கைல எத்தினி வாட்டி சொன்னேன்."

காலையில அண்ணன்கிட்ட நான்தான் சுத்தினேன்னு சொல்லப்போறேன். அடிக்க வரட்டும்.