திருத்தம் மட்டும்

என் அன்புள்ளவருக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்கு இருமல் நின்றுவிட்டது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி. உங்கள் தம்பி மனைவி தைத்த சட்டையை அங்கே எல்லோரும் புகழ்கிறார்கள் என்று ஆறு வரி. எண்ணிப் பார்த்தேன். நான் தைத்தனுப்பிய சட்டை என்ன ஆயிற்று? பெட்டிக்கடியில் தூங்குகிறதா?

நகராட்சி தொழில் உரிம விதிகளை மாற்றியது உங்களுக்குத் தெரியும். இதுவரை உங்கள் பெயரில் இருந்த ஒரே உரிமத்தில் நானும் உங்கள் தம்பி மனைவியும் தைத்தோம். இனி அது செல்லாது. தைப்பவர் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம். அதிலும் புதுத் துணி தைப்பது ஒரு பிரிவு, தைத்ததைத் திருத்துவது இன்னொரு பிரிவு. எந்தக் கட்டத்தில் குறி போடுகிறோமோ அந்த வேலையைத்தான் செய்யலாம். அவளுக்குப் படிவம் என்றாலே பயம். நீயே எழுதிக் கொடு என்று நீங்களும் சொன்னீர்கள். எழுதினேன். எனக்குப் புதுத் துணி. அவளுக்குத் திருத்தம் மட்டும்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் எல்லாம் என் மெஷினைத் தாண்டி அவளிடமே போனால் எனக்கு வயிறு எரியாதா? நீங்களும் அவள் பக்கமே பேசினால்?

உரிமம் கைக்கு வந்ததும் அவள் அழவில்லை. "விதி அப்படி இருக்கு, என்னக்கா பண்றது" என்றாள். எந்த விதியைச் சொன்னாளோ! பழைய பைகளுக்கு ஜிப் மாற்ற உட்கார்ந்துவிட்டாள்.

அவளிடம் கோட்டு தைக்க வந்த பள்ளி ஆசிரியை, வேறு வழியில்லாமல் துணியை என்னிடம் கொடுத்தார். உயிரைக் கொடுத்துத் தைத்தேன். நேற்று அதே கோட்டோடு திரும்பி வந்தார். நேராக அவளிடம் போனார். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம், சரிசெய்ய வேண்டுமாம். நான் தைத்ததைத் திருத்தும் உரிமையை நானே அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் முத்திரையோடு!

அரை மணியில் காலர் படிந்து உட்கார்ந்தது. "அக்கா மேல தப்பில்ல டீச்சர், துணி அப்படி" என்று அவரை அனுப்பி வைத்தாள். துணியில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

உரிமத்தில் பிழை இருந்தால் திருத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கும் ஒரு படிவம். மனு எழுதியவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவளும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கவனக்குறைவு என்று எழுதினால் அலுவலகத்தில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளும் கேட்க மாட்டாள். அதனால்தான் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாளைக் காலை அவளை நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன். வேண்டுமென்றே செய்தேன் என்று போகிற வழியில் நானே சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்குமுன் அவளுக்குத் தெரிந்துவிடும், நீங்கள் வேறு அவளுக்கு எழுத வேண்டாம்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தச் சட்டையை ஒரு நாளாவது போட்டுக்கொள்ளுங்கள். காலர் தூக்கிக்கொண்டு நின்றால் கையால் அழுத்திவிட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது திருத்தச் சொல்லி அவளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டும்,
உங்கள் மனைவி