மொட்டை மட்டும் போட்டோம்

தம்பிக்கு,

தீர்த்தமலையில பாப்பாவுக்கு மொட்டை போட்டாச்சு. காது குத்தலை. குத்த விடாதது நான்தான். வேற யாராவது போன்ல சொல்றதுக்கு முந்தி நானே எழுதிடறேன்.

ஆசாரி ஊசியோட உக்காந்து, தாய்மாமன் எங்கன்னு கேட்டார். பார்டர்ல இருக்கான்னு சொன்னேன். உங்க மாமாவோட அண்ணன் சிரிக்கிறார். "டிப்போவுல பஸ் ரிப்பேர் பாக்கறவன், வருசத்துல ரெண்டு மாசம் யூனிபார்ம் போடறான். அதெல்லாம் ஒரு பட்டாளமா? வேற யார் மடியிலயாவது வெச்சுக் குத்துங்க."

அதோட நிறுத்தியிருந்தா பொறுத்திருப்பேன். "அவன் வர்றதுக்கு என்ன நிச்சயம்"னு ஆரம்பிச்சார். மிச்சத்தை எழுத மாட்டேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மலை இறங்கிட்டேன்.

உன் மேலயும் கோவந்தான். டெரிடோரியல் ஆர்மின்னா சும்மா பயிற்சிதான், மீதி நாளெல்லாம் டிப்போவுலதான் இருப்பேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினே. பார்டருக்குக் கூப்பிட்டுப் போய் அஞ்சு மாசம் ஆச்சு.

நீ வாங்கிக் குடுத்த கம்மல் பீரோவுல இருக்கு. பாப்பா பள்ளிக்கூடம் போற வயசு வந்தாலும் சரி, மூளிக்காதோடதான் போவா. உன் மடியைத் தவிர வேற மடியில அவளை உக்கார வெக்க மாட்டேன்.

வந்து உக்காரு.

உன் அக்கா