கதிரை என்று எழுதினேன்

ஜூன் 2, திங்கள்

மன்னிக்க வேண்டும். எழுதி வைக்கும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. அதுவும் ஒபிஸ் லெப்டொப்பில், கோட் எழுதுகிற எடிட்டரைத் திறந்து, கூட வேலை செய்கிற றமீலா அக்காவின் கதிரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வர இன்னும் நேரம் இருக்கிறது. குண்டசாலையில் முந்தின பஸ்ஸைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். ஒபிஸிலும் அப்படித்தான்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. எனக்குக் கத்தவும் வராது. அதனால் இது.

மார்ச்சில் வேலைக்கு எடுத்தபோது நபீல் சேர் சொன்னார்: "தமிழ்ப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்." ஒரு கிளினிக்குக்காக மூன்று மொழியிலும் ஒரு திரை செய்கிறோம். நோயாளி வாசலில் தன் பெயரை அடித்தால் எந்த டொக்டர், எத்தனையாவது இலக்கம், எங்கே காத்திருப்பது என்று அது காட்டும். அதற்குத்தான் வந்தேன். வந்த வாரமே றமீலா அக்காவின் எடிட்டர் திறக்க மறுத்தது. போய்ப் பார்த்தேன். இரண்டு பிளகின் ஒன்றோடொன்று சண்டை. ஒன்றைக் கழற்றினேன், திறந்தது. நான் செய்த பாவம் அவ்வளவுதான். அன்றிலிருந்து யாருடைய எடிட்டர் தும்மினாலும் "சுபா!"

"சுபா, எழுத்தெல்லாம் கலர் மாறிப்போச்சு."

"சுபா, ஒரு அடைப்புக்குறி போட்டா ரெண்டு விழுது."

"சுபா, ஒண்ணுமே செய்யல்ல, தானா இப்பிடி ஆகிட்டு."

ஒன்றுமே செய்யாமல் ஒரு நாளும் எதுவும் ஆவதில்லை.

எனக்கென்று மேசை இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டை அலுமாரியின் மேல் லெப்டொப்பை வைத்து, நின்றுகொண்டு வேலை செய்கிறேன். "உங்களுக்கு ஒரு கதிரை எடுக்கணும்" என்று சேர் முதல் வாரம் சொன்னார். பிறகு நான் எந்நேரமும் யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பதால், எனக்குக் கதிரை இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை.

அக்காவின் குரல் படியில் கேட்கிறது. மூடுகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

அம்மா ஃபோன் எடுத்தார். "கம்பியூட்டர்ல என்னதாம்மா செய்யிற? பக்கத்து லயத்து வீடுகள்ல கேக்குறாங்க."

பிளகின் என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? "தையல் மெசினுக்கு வேற வேற பாதம் மாத்துவாங்கல்ல, ஓரம் அடிக்க, பட்டன் ஓட்டை போட. அந்த மாதிரிம்மா. எழுதுற மெசினுக்கு மாட்டுற சின்னச் சின்ன சாமான். எல்லாரோட மெசினுக்கும் நான்தான் அத பாக்குறேன்."

"அப்ப தைக்கிறது யாரு?"

அம்மாவே தொடர்ந்தார். "எப்பிடியோ, உக்காந்து செய்ற வேலதானே?"

"ஆமாம்மா, உக்காந்துதான்."

விடிந்தால் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கிற மனுசி. மகள் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று எங்கள் ஊர் பன்வில முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வேறென்ன சொல்ல?

ஜூன் 4, புதன்

பூனை.

உள்ளறையில் இருக்கும் கணேஸ் ஒரு பிளகின் போட்டிருக்கிறான். எடிட்டரின் அடியில் ஒரு குட்டிப் பூனை குறுக்கே நடக்கும், படுக்கும், பந்து உருட்டும். வேறு ஒரு பிரயோசனமும் இல்லை. அதைத் தன்னுடைய மெசினில் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. ஒபிஸுக்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. அதில் யார் எந்தப் பிளகினைச் சேர்த்தாலும் மறுநாள் காலை எல்லா மெசினுக்கும் வந்துவிடும். சேர்க்க எல்லோருக்கும் உரிமை. கழற்றும் வேலை மட்டும் எனக்கு. கணேஸ் அதில் போட்டுவிட்டான். இன்று காலை எல்லோருடைய திரையிலும் பூனை நடந்தது. நபீல் சேரின் மெசின் ஊர்ந்தது.

"சுபா, இது என்ன மிருகம்?" என்றார் சேர்.

கணேஸ் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து சிரித்தான். "பன்வில சிறுத்த சேர், கொழுந்து மலையில இருந்து சுபாவோட வந்திருச்சு."

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? ஒவ்வொரு முறையும் ஏன் சிரிக்கிறேன்?

அவன் கெட்டவன் இல்லை. டவுனில், மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவன், சிங்கள மீடியத்தில் படித்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதத்தான் தடுமாறுவான். ஆனால் கிளினிக் வேலை நடக்கும் உள்ளறையில் இருந்து தமிழ்ப் பக்கத்தை எழுதுவது அவன்தான். "இப்போதைக்கு கணேஸ் செய்யட்டும், நீங்க பிளகின்ல பிஸிதானே" என்று சேர் சொல்லி எத்தனையோ வாரமாகிவிட்டது. "ஓ, சரி சேர்" என்று சொன்னது நான்தான்.

ஜூன் 6, வெள்ளி

பொதுப் பட்டியலில் மேலும் மூன்று புதுப் பிளகின். யார் சேர்த்தது என்று கேட்டால் ஆளை ஆள் பார்க்கிறார்கள். இரண்டைத்தான் பார்க்க முடிந்தது. மூன்றாவதைத் திறக்கப் போனேன் — "சுபா!"

ஜூன் 9, திங்கள்

ஹஜ் பெருநாள் முடிந்து ரமீலா அக்கா வட்டிலப்பம் கொண்டுவந்தார். அலமாரியின் மேல் வைத்து நின்றபடி சாப்பிட்டேன். "இரிந்து தின்னு புள்ள" என்றார். எங்கே என்று கேட்காமல் சிரித்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். அதற்குள் ஃபோன் அடித்தது.

கணேஷ் உள்ளே கிளினிக் நோயாளிகளின் பெயர்களை எடிட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கண்ணாடி வழியாகத் தெரிகிறது. ஜன்னலோரத்தில் ஒரு மேசை சும்மா கிடக்கிறது, பெட்டிகள் அடுக்கியபடி. நாற்காலிதான் இல்லை.

நாளை பௌர்ணமி, போயா லீவு. பன்விலைக்குப் போய் வருகிறேன்.

ஜூன் 11, புதன்

வெட்கம். கோபம். எது கூட என்று தெரியவில்லை.

இன்று வெள்ளோட்டம். கிளினிக் மெனேஜர் வந்திருந்தார். அவர் முன்னால் யாராவது நோயாளி மாதிரி வந்து பெயரை அடிக்க வேண்டும். ரமீலா அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் நிஜமாகவே அந்தக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர், பட்டியலில் இருக்கிறார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து தன் பெயரை அடித்தார்.

"இப்பெயரில் எவரும் பதிவில் இல்லை" என்றது திரை.

மறுபடியும் அடித்தார். இல்லை.

"எங்க புள்ள என்ட பேரு? போன மாசம் மருந்தெடுக்கக்குள்ள ஈந்தேனே. மௌத்தாப் போயிட்டேனா?"

மெனேஜர் சிரித்தார். பிறகு கைப்பையில் இருந்து ஒரு பட்டியலை எடுத்து, சில பெயர்களைப் பார்த்து அடித்தார். சிலது வந்தது, சிலது வரவில்லை. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. "வருத்தத்தோட வாற ஆளுக்கு இது 'நீ இல்ல' எண்டு சொன்னா நல்லாவா இரிக்கி?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் சரிவராவிட்டால் வேறிடம்.

அவர் போன பிறகு நபீல் சேர் கேட்டார்: "கோட் சரி. அப்ப இடையில எதுவோ ஒண்டு கை வெச்சிரிக்கி. பிளகின் யாரு பாக்குற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அந்தப் பட்டியலில் எதையும் சேர்க்கவில்லை. ஒன்றையும். சொல்லியிருக்கலாம். "பாக்குறேன் சேர்" என்றுதான் வெளியே வந்தது. கணேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன செஞ்சேன்? என்னதான் செஞ்சேன் நான்? எல்லாரும் கண்டதையும் கொண்டாந்து மாட்டுவீங்க, உடைஞ்சா சுபா, ஊர்ந்தா சுபா, பேர் காணாமப் போனாலும் சுபாவா?

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்தேன். இதிலேயே.

எப்போதும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதியதும் சேவ் பண்ணி மூடிவிடுவேன். இன்று காலை, நேற்று எழுதியதைத் திறந்து வாசித்தேன். கோபத்தில் என்னவெல்லாம் எழுதினேன் என்று பார்க்கத்தான். "ரமீலா அக்கா" என்று இருந்தது. நான் அப்படி எழுத மாட்டேன். அவர் அடையாள அட்டையில், சம்பளத் துண்டில், மேசையில் ஒட்டியிருக்கும் பெயரில், எல்லாவற்றிலும் "ற". திருத்தினேன். சேவ் பண்ணினேன். என் கண் முன்னாலேயே "ற" போய் "ர" ஆனது.

புது வரியில் கதிரை என்று எழுதினேன். சேவ். நாற்காலி.

கதிரை. நாற்காலி. கதிரை. நாற்காலி.

அலுமாரி, அலமாரி ஆனது. கணேஸ், கணேஷ் ஆனான். பன்வில "பன்விலை" ஆகியிருந்தது. நான் பிறந்த ஊர் 'பன்' விலை, அதாவது பணிஸ் விலை ஆகிவிட்டது! தனியாக இருந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

நான் திறந்து பார்க்காத அந்த மூன்றாவது பிளகின்தான். தமிழ்ப் பிழை திருத்துகிற ஒன்று. சேவ் பண்ணும்போது புதிதாக எழுதிய வரிகளைத் தானாகத் திருத்தும். எந்த ஊரில் யார் செய்ததோ, நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். தமிழ்ச் சொல் "ற"வில் தொடங்காது என்பது அதன் விதி. இலக்கணப்படி சரி. ஆனால் எங்கள் ஊரில் றமீலாக்களும் றிஸ்வான்களும் றிஸானாக்களும் காய்ச்சலோடு வரிசையில் நிற்கிறார்கள். கணேஸ் ஏற்றிய பட்டியலில் அவர்கள் எல்லோரும் "ர" ஆகிவிட்டார்கள். வாசலில் வந்து தங்கள் சொந்தப் பெயரை அடித்தால், இல்லை.

அதைக் கழற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பார்க்கலாம்: கதிரை. சேவ்.

கதிரை.

மேலே மாறிப்போனவற்றை மாற்றாமல் விட்டிருக்கிறேன். கிடக்கட்டும்.

பிறகு கணேஸிடம் மெதுவாகக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "என் தமிழ்ல பிழை வருதுன்னு சேர் ரெண்டு தரம் சொல்லிட்டாரு சுபா. உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் அத போட்டேன்."

வெட்கமாம். அதைப் பற்றி என்னிடம் வந்து சொல்கிறான்.

"நேத்து ஏன் சொல்லல்ல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

ஜூன் 13, வெள்ளி

றமீலா அக்கா பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் பட்டியலைத் திருத்தினேன். கிளினிக் தந்த வாசகங்களையும் பழையபடி ஆக்கினேன். "கதிரையில் அமர்ந்திருக்கவும்" என்பதும் நாற்காலியாகித்தான் கிடந்தது. கடைசியில் அக்கா தன் பெயரை அடித்துப் பார்த்தார். வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், உசிரோட ஈக்கேன்" என்று சேரிடம் போய்ச் சொன்னார்.

என்ன நடந்தது என்பதைக் கணேஸ் தானாகவே சேரிடம் சொல்லிவிட்டான். அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது இனிமேல்தான். சேர் எல்லோரையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "சுபா இல்லாட்டி இந்த வேலை கையை விட்டுப் போயிரிக்கும். இனி யாரும் சுபாவக் கேக்காம ஒண்டும் போடக்கூடாது. எல்லா மெசினும் இனி முழுசா சுபாட பொறுப்பு."

கை தட்டினார்கள். கணேஸ் ஒரு தாளில் பெரிதாக அச்சடித்து அலுமாரியில் ஒட்டினான்: "பிளகின் பொறுப்பதிகாரி செல்வி சுபாஜினி". பிழையில்லாமல்.

எனக்குப் பரிசாம்! காலுக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சங்கிலி கட்டிவிட்டு, கையும் தட்டுகிறார்கள். நானும் நன்றி சேர் என்றேன். ஐயோ, நன்றி சேர் என்றேனே!

பட்டம் வாங்கிய அன்று பேராதனையில் அம்மா என் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது, சேலைத் தலைப்பால் விரல்களை மறைத்துக்கொண்டார். கொழுந்துக் கறை. அந்த விரல்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? மற்றவர்களுடைய பூனையைக் கழற்றுகிறேன் என்றா?

ஜூன் 16, திங்கள்

கேட்கவில்லை. தமிழ்ப் பக்கத்தைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்கத்தான் இருந்தேன், சேர் ஃபோனில் இருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

சேர் ஃபோனில் இல்லை. அப்படியும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு வரை போனேன். "என்ன சுபா?" என்றார். "ஒண்ணுமில்ல சேர், அப்டேட் வந்திருக்கு, அதான்."

அப்டேட் எதுவும் வரவில்லை.

ஜூன் 18, புதன்

மெனேஜர் வந்தார். எல்லாப் பெயரும் வந்தது. வேலை எங்களுக்குத்தான்.

அவர் போன பிறகு சேர் சந்தோசமாக வெளியே வந்து என்னைப் பார்த்தார். "சுபா, புதுசா ரெண்டு மெசின் வருது. அதுக்கும் நீங்களே எல்லாம் போட்டுருங்க."

அப்போது கேட்டுவிட்டேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 23, திங்கள்

இந்த மேசை கொஞ்சம் உயரம், முழங்கை இடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கம்பத்தின் கம்பிகளும், அதற்கப்பால் மழையில் கறுத்த தகரக் கூரைகளும். பெட்டிகளை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள்.

கிளினிக் திரையின் முதல் வாசகத்தை மாற்றினேன். "இப்பெயரில் எவரும் பதிவில் இல்லை" என்பதை எடுத்துவிட்டு, "உங்கள் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தயவுசெய்து வரவேற்பு மேசையில் கேளுங்கள்" என்று போட்டேன். ஆள் இல்லை என்று சொல்ல ஒரு திரைக்கு என்ன உரிமை? கணேஸ் எட்டிப் பார்த்து, "இது நல்லாருக்கு" என்றான். பிறகு இரண்டு சொல்லுக்கு எழுத்துக் கேட்டான். சொல்லிக் கொடுத்தேன்.

காலையில் வெளியே இருந்து ஒரு குரல்: "சுபா, என்ட எடிட்டர்ல எழுத்து சின்னதாப் போச்சு!"

"இந்த கிழமை றமீலா அக்காட முறை" என்றேன். உட்கார்ந்தபடியே.

"வாறேன், வாறேன், கத்தாதீங்க" என்று அக்கா எழுந்து போவது கேட்டது.

மத்தியானம் அம்மா ஃபோன் எடுத்தார். "சாப்பிட்டியா? உக்காந்துதானே இருக்க?"

"ஆமாம்மா, உக்காந்துதான்."

போன புதன் எழுதாமல் விட்டது பாக்கி இருக்கிறது. நான் கேட்டதும் சேர் அலுமாரியைப் பார்த்தார். அதன் மேலிருந்த லெப்டொப்பையும், கணேஸ் ஒட்டிய தாளையும், என் காலையும் பார்த்தார். "இவ்வளவு நாளும் நிண்டுகிட்டா வேலை செஞ்சீங்க?" என்றார். றமீலா அக்காதான், "நீங்க இப்பதான் கண்டீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

நிறைய யோசித்து வைத்திருந்தேன். மார்ச்சில் நீங்கள் சொன்னது, தமிழ்ப் பக்கம், முறை வைத்துப் பிளகின் பார்ப்பது, எல்லாம். அவற்றைப் பிறகு சொன்னேன். முதலில் வாயில் வந்தது ஒன்றுதான்:

"சேர், உள்ளுக்கு எனக்கொரு கதிரை போடுங்க."