தூவாலிக்கு இன்னொரு வாய்

பொத்தான் தேடி நூல் டப்பாவைக் கிளறினேன். கையில் அகப்பட்டது உன் கம்பளி ஊசி. நுனியில் துரு ஏறியிருக்கிறது. இதை வைத்து நீ ஒரு குல்லாய்கூடப் பின்னியதில்லை. தர்மபுரி வெயிலில் யாருக்கு வேண்டும் குல்லாய்? சொற்களைப் பிடிக்கத்தானே இதை வாங்கினாய்.

எழுபதுகளின் தொடக்கம். வட்டாரச் சொற்களைத் திரட்டும் வேலை நம் இருவருக்கும். ஊர் ஊராகப் போய்க் கேட்டுவந்து, சொல்லுக்கு ஓர் அட்டையாக எழுதி வைப்போம். ஓர் ஊரில் வீடு, அடுத்த ஊரில் வூடு. ஒரே சொல்லின் இப்படிப்பட்ட வடிவங்களை ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து தேடி ஒன்றுசேர்ப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிடும். நீதான் வழி கண்டுபிடித்தாய். அட்டையின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள், எழுத்துக்கு ஒன்று. "உயிரெழுத்த வுட்டுரு. ஊருக்கு ஊரு மாறறதே அதுதான்டி" என்றாய். சொல்லில் இருக்கும் மெய்யெழுத்துகளின் துளைகளை மட்டும் ஓரம்வரை வெட்டிவிடுவாய். பிறகு கட்டாக அடுக்கி, 'வ' துளையில் ஊசியைச் செருகித் தூக்கி உதறினால், வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். விழுந்தவற்றை மறுபடி 'ட' துளையில் உதறுவாய். வீடும் வூடும் ஜோடியாக உன் மடியில் கிடக்கும்.

அதே இரண்டு எழுத்து என்பதால் கூடவே வடையும் கிடக்கும். "உன் ஊசிக்குப் பசி போல" என்பேன். நீ முறைப்பாய். "வுழுந்ததெல்லாம் சொந்தமாயிருமா? மிச்சத்தப் பாக்கத்தான் கண்ணு இருக்குது."

இன்று என் பேரன் கணினியில் ஏறக்குறைய இதையே செய்கிறான். அவன் அதற்கு வைத்திருக்கும் பெயர் வாயில் நுழையவில்லை. உன் ஊசியைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தான், பிறகு அட்டையில் எத்தனை துளை என்று விவரமாகக் கேட்டுக்கொண்டான். உனக்குப் பெருமை தாங்கியிருக்காது.

நாம் அட்டை எழுதிக்கொண்டிருந்த ஒரு வருஷ மழைக்காலத்தில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊர் நல்லம்பள்ளித் தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, சன்னல் வழியே சாரல் அடித்தது. என்னை அறியாமல் "தூவாலி அடிக்குது, சாத்து" என்றேன். காற்றோடு உள்ளே வந்து விழும் மழைத்துளிக்கு அப்பா சொல்லும் சொல் அது. நீ எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு, புது அட்டை எடுத்தாய்.

ஆனால் நம் வேலையில் ஒரு விதி இருந்தது. இரண்டு ஊர், இரண்டு வாய். அப்படிக் கேட்காத சொல் தொகுப்பில் சேராது. சம்பளம் வாங்கும் நம் வாய் கணக்கில் வராது. அப்பாவோடு அந்தச் சொல்லும் போய்விடுமோ என்று பயந்தேன். நீ தீர்த்தமலை வரைக்கும் பஸ் ஏறி விசாரித்தாய். கடைசியில், "ல, ன ரெண்டுக்கும் நாக்கு ஒரே எடத்துலதான் ஒட்டுது" என்று சொல்லி, இரண்டு துளைகளிலும் விழுவதைச் சேர்த்துப் பார்த்தாய். தூவானம், தூவானம் என்று அட்டைகளாக விழுந்தன. இன்னொரு தூவாலி மட்டும் விழவில்லை.

நம் வேலையைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "பாருங்கம்மா, இவ்வளவு தூவானம் இருக்கு. ஒருத்தர் மட்டும் வேற மாதிரி சொன்னா, அது வாய்த்தவறு."

"ஆயுசு பூராவுமாங்க சார் வாய் தவறும்?" என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே அட்டையைக் கோடு போட்டு அடித்துவிட்டார். வெளியே வந்ததும், "அந்தத் தூவானத்தயெல்லாம் நான் தேடாமயே இருந்திருக்கலாம்டி" என்றாய். அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அடித்த அட்டையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு உன் ஊரான அதியமான்கோட்டைக்கு பஸ் ஏறினாய். மறுநாள் வழக்கம்போல் ஊசியோடு வந்து உட்கார்ந்தாய்.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நல்ல காற்று, மழை. செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றவளைப் பார்த்து உன் மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அங்கயே ஏங்கம்மா நிக்கறீங்க? தூவாலி அடிக்குதுங்க, உள்ள வாங்க."

"யாரும்மா உனக்கு இந்தச் சொல்லச் சொன்னது?" என்றேன்.

"எந்தச் சொல்லுங்கம்மா?" அவளுக்குப் புரியவே இல்லை. "தூவாலியா? எங்க வூட்ல எல்லாருமே அப்படித்தாங்க சொல்லுவோம்."

கிளம்பும்போது இந்த ஊசியைக் கேட்டு வாங்கி வந்தேன். அடி கள்ளி, தேடிக் கிடைக்காத ஜோடியைப் பெற்று வளர்த்துவிட்டாயே. வெளியே மழை பிடித்திருக்கிறது. சன்னலைச் சாத்திவிட்டு ஒரு புது அட்டை எடுத்திருக்கிறேன். முதல் ஊர் நல்லம்பள்ளி, சொன்னவர் என் அப்பா. இரண்டாம் ஊர் அதியமான்கோட்டை, சொன்னவர் உன் மகள்.